முப்பத்தொன்றாம் கல்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு அலுவலக வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மேலதிகாரி முதல் தார் ஊற்றுகிறவர் வரை எல்லார் வாயிலும் அவர் டேப் சார். சட்டைப் பையில் பேனா இல்லாமல் வந்த நாள் உண்டு. இடுப்புப் பட்டையில் அளவு டேப் இல்லாமல் வந்த நாள் கிடையாது. என்னைவிட அதோடுதான் மனுஷன் அதிக காலம் குடும்பம் நடத்தியிருக்கிறார் என்று அவர் மனைவி சொல்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு ஐந்து வருடம் முந்தியே டேப் வந்துவிட்டது.

ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. இரண்டு முழங்கால்களும் அவருக்கு முந்தியே ஓய்வு பெற்றுவிட்டன. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முப்பது வருடமும் ஒரே நெடுஞ்சாலை, நாற்பத்தெட்டு கிலோமீட்டர். எந்தச் சிறுபாலத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கும், எந்த மரத்தின் வேர் தாரைத் தூக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தூக்கம்தான் சரியாக வருவதில்லை.

அந்த வருடம் அந்தச் சாலைக்குப் பாதுகாப்புத் திட்டம் போட்டுத் தரச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எங்கே அகலப்படுத்துவது, எங்கே விளக்கு வைப்பது, எங்கே வேகத்தைக் கட்டுப்படுத்துவது என்று எல்லாம் எழுதலாம். ஆனால் பெரிய வேலையாக ஒன்றே ஒன்றுக்குத்தான் அனுமதி. எந்த இடத்தில் அதிகம் பேர் சாகிறார்களோ அந்த இடத்துக்கு அது போகும். ஐந்து வருட விபத்துகளையும் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுகிற வேலை டேப் சார் தலையில் விழுந்தது. செத்தால் சிவப்பு ஒட்டுப் புள்ளி, காயம் என்றால் நீலம். ஆரம்பத்தில் ஒவ்வொரு சிவப்பையும் ஒட்டும்போது அவர் வயதைப் பார்ப்பார், பெயரைப் பார்ப்பார். நூற்றைத் தாண்டிய பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு மறுகையால் ஒட்டினார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல முடியாது. களைத்துப்போன மனிதர், அவ்வளவுதான்.

காவல் நிலையப் பதிவேட்டில் இடத்தை எழுதுகிற முறை எளிது. விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்தில் எந்தக் கிலோமீட்டர் கல் இருக்கிறதோ அதைப் பார்ப்பார்கள். அதிலிருந்து எத்தனை மீட்டர் முன்னால், எத்தனை மீட்டர் பின்னால் என்று காலடியால் அளந்து எழுதிக்கொள்வார்கள். அதை வரைபடத்தின் கணக்குக்கு மாற்றிப் புள்ளி வைத்தபோது, இருபத்து மூன்று புள்ளிகள் ஒரே இடத்தில் மொய்த்தன. முப்பது கிலோமீட்டர் அறுநூறு மீட்டர். குன்றை ஒட்டிய வளைவு.

அந்த வளைவு பேர்போன வளைவு. பத்து வருடமாகவே அங்கேதான் ஆள் சாகிறது என்று காகிதம் சொன்னதால், அலுவலகம் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் அதன்மேல் கொண்டுபோய்க் கொட்டியிருந்தது. ஒன்பது அம்புக்குறிப் பலகைகள், குவியாடி, இரும்புத் தடுப்பு, மின்னுகிற மஞ்சள் விளக்கு. மாலை ஒன்று போடாததுதான் பாக்கி. அப்படியும் புள்ளிகள் குறையவில்லை. ஆகவே குன்றையே வெட்டிச் சாலையை நேராக்கிவிடலாம் என்று திட்டம் எழுதி, கோப்பு மேலே போய் அனுமதியும் வாங்கிக் கீழே வந்துவிட்டது. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிற கோப்புகள் ஆயிரம் இருக்க, இது மட்டும் ஓடி வந்தது. அடுத்த மாதம் முதல் வாரம் வெட்டும் இயந்திரம் வந்து இறங்க வேண்டும்.

ஒரு சம்பிரதாயம் மிச்சம் இருந்தது. சாலையோரத்தில் இருக்கிறவர்களிடம் கருத்துக் கேட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். கருத்து என்னவாக இருந்தாலும் வேலை நடக்கும். கையெழுத்து இல்லாவிட்டால்தான் நடக்காது. டேப் சார் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வளைவைத் தாண்டி நானூறு மீட்டரில் கிளைச்சாலை ஒன்று வந்து சேரும். அந்தச் சந்திப்பின் மூலையில் தகரக் கூரை போட்ட பஞ்சர் கடை. முடிந்தால் அந்தக் கடைப் பக்கம் போகாமல் தப்பிக்கலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் படிவத்தில் அந்தக் கடைக்கு ஒரு வரிசை எண் போட்டிருந்தது.

பஞ்சர் கடை அக்கா அலுவலகத்துக்கு எழுதிய மனுக்கள் ஏழு. இந்தச் சந்திப்பில் வண்டிகள் மோதிக்கொள்கின்றன, ஏதாவது செய்யுங்கள் என்பதுதான் ஏழிலும் இருந்த விஷயம். ஏழுக்கும் பதில் எழுதிக் கொடுத்தவர் டேப் சார். பதிவேடுகளின்படி மேற்படி சந்திப்பில் விபத்து ஏதும் நிகழவில்லை என்று ஒரே வாக்கியம். மூன்றாவது மனுவில் அவள், என் கணவரே பதினொரு வருடத்துக்கு முன்னால் இந்தக் கடைவாசலில்தான் லாரி அடித்துச் செத்தார் என்று எழுதியிருந்தாள். அதற்கு மட்டும் ஒரு வரி கூடுதலாகப் போனது. தங்கள் கணவர் இறந்த இடம் வளைவு என்றே பதிவாகியுள்ளது.

அவர் போனபோது அவள் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடியும் குனிந்துகொண்டாள். ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள். அதுவே பெரிய மரியாதை. அவர் படிவத்தை நீட்டி, வளைவை நேராக்கப் போகிறார்கள், சம்மதம் என்று ஒரு கையெழுத்துப் போதும் என்றார். அவள் ஓட்டை கிடைத்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் வளைந்த கம்பி ஒன்று இருந்தது. தினமும் கிழிக்கிற நாள்காட்டித் தாள்கள் அதில் குத்தியிருந்தன. அடியில் இருந்தவை மஞ்சளாகி ஓரம் பொடிந்திருந்தன.

"இங்க மோதல் நடந்த அன்னைக்கு அந்தத் தேதியக் கிழிச்சு குத்தி வைப்பேன் சார். நான் பார்த்து, ஓடிப்போயி தூக்கினது மட்டும்தான். உங்க பதிவேட்டில இல்லாட்டி பரவால்ல, இதையும் ஒருதரம் பாருங்க."

ஆளைவிட்டால் போதும் என்றுதான் அதைக் கையில் வாங்கினார். பையில் காவல் நிலையப் பட்டியல் இருந்தது. கையெழுத்துக்காக ஒரு ஐந்து நிமிடம் ஒப்புக்குப் பார்ப்போம் என்று மடியில் விரித்தார். மேலே இருந்த தாளின் தேதி பட்டியலில் இருந்தது. வளைவு விபத்து. தற்செயலாக இருக்கும். அடுத்ததும் இருந்தது. ஆறாவது தாளில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தாவதில் பேனாவை மூடிவிட்டார். கடைசியில் எண்ணிப் பார்த்தால், ஐந்து வருடத்தில் வளைவில் நடந்ததாகப் பட்டியல் சொன்ன இருபத்து மூன்றில் பத்தொன்பது அவள் கம்பியில் இருந்தன.

அப்போதுதான் இத்தனை மாதமாகக் கண்ணெதிரே இருந்ததைப் பார்த்தார். மீதி நான்கு விபத்துகளுக்கு இடம் எழுதும்போது முப்பதாம் கல்லிலிருந்து அறுநூறு மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். இந்தப் பத்தொன்பதுக்கும் முப்பத்தொன்றாம் கல்லுக்கு நானூறு மீட்டர் முன்னால் என்று எழுதியிருந்தார்கள். காகிதத்தில் இரண்டும் ஒரே இடம். அதனால் வித்தியாசத்தைக் கவனிக்காமலே ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போயிருந்தார்.

எழுந்து வண்டியிலிருந்து அளவுச் சக்கரத்தை எடுத்தார். கடைவாசலில் வைத்து உருட்டத் தொடங்கினார். வரைபடத்தின்படி முப்பத்தொன்றாம் கிலோமீட்டர் முடிகிற இடம் இந்தக் கடைவாசல்தான். கல் இங்கே நிற்க வேண்டும். கல் இங்கே இல்லை. முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் முனக, அவர் உருட்டிக்கொண்டே போனார். கல் வந்தபோது சக்கரம் நானூற்று நான்கு என்று காட்டியது.

அந்தக் கல்லை அங்கே நட்டது யார் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். பழைய கற்களைப் பிடுங்கிவிட்டு, சாலையைப் புதிதாக அளந்து வேறு இடங்களில் புதியவை நட்டார்கள். டேப்பைப் பிடிக்கிற வேலை அவருடையது. மத்தியான வெயில். முப்பத்தொன்றாம் கல்லுக்குக் குறித்த இடத்தில் கடப்பாரை இறங்கவில்லை, அடியில் பாறை. இடம் தேடிப் போனார்கள். நூறு மீட்டருக்கு அந்தப் பக்கமும் பாறை, அதற்கப்புறம் சிறுபாலம், அதற்கப்புறம் பள்ளம். கடைசியில் நானூறு மீட்டர் தாண்டி மண் மெத்தென்று கிடந்தது. லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். இங்கேயே நட்டுவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று சொன்னவர் அவர்தான். அலுவலகம் போனதும் புத்தகத்தில் குறிப்பு எழுத வேண்டும் என்று நினைத்தார். கல் நடப்பட்டது என்று மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் மறந்துவிட்டார். இருபத்தெட்டு வருடம் மறந்திருந்தார்.

கல்லின்மேலேயே உட்கார்ந்துகொண்டார். சந்திப்பில் சாகிறவர்களைத் தன் கல் நானூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போய் வளைவில் போட்டுக்கொண்டிருந்தது. காவலர்கள்மேல் தப்பில்லை, கல்லைப் பார்த்து எழுதினார்கள். அதைவிட மோசமான விஷயம் ஒன்று மெதுவாகத்தான் உறைத்தது. வளைவில் வேகத்தைக் குறைக்கிற வண்டிகளே நானூறு மீட்டருக்குள் மறுபடி வேகம் எடுத்துச் சந்திப்பில் ஆளை அடிக்கின்றன. வளைவையும் நேராக்கிவிட்டால் வேகம் குறையவே குறையாது. செங்கல் சூளைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற அந்தக் கிளைச்சாலையில் யார் மிஞ்சுவார்கள்? அடுத்த மாதம் முதல் வாரம் இயந்திரம் வருகிறது.

அன்று கையெழுத்து வாங்காமலே திரும்பினார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் மென்று விழுங்கினார். மூன்றாம் நாள் காலையில் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த மனைவி, என்ன என்று கேட்டாள். இந்த மாதிரி முகத்தை அவள் மாமனார் செத்த வாரத்தில்தான் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் கொட்டினார். கூடவே சப்பைக்கட்டும் கட்டினார். நான்கு மாதம்தான் இருக்கிறது, இப்போது வாயைக் கொடுத்தால் விசாரணை என்று இழுப்பார்கள், போகிற நேரத்தில் கெட்ட பெயரோடு போக வேண்டியிருக்கும், தானாகவே யாராவது கண்டுபிடிக்கட்டுமே. அவள் துணியைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள்.

"இருபத்தெட்டு வருஷமா யாரும் கண்டுபிடிக்கல. இன்னும் நாலு மாசத்தில யாரு வரப்போறாங்க? போயி சொல்லிட்டு வாங்க. இல்லன்னா அந்த டேப்ப இனிமே வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க."

அலுவலகத்துக்குப் போனார். இன்ஜினியர் மேடம் அவருடைய மகள் வயதுக்காரி. மூன்று வருடத்தில் இது நான்காவது ஊர். ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு, காய்ச்சலில் கிடக்கிற குழந்தைக்கு எத்தனை மணிக்கு மருந்து என்று சொல்லிக்கொண்டே கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வரைபடத்தை விரித்து, நாள்காட்டித் தாள்களின் கதையையும் கல்லின் கதையையும் சொல்லி முடித்தார். அவள் போனை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். முப்பத்தொன்றாம் கல்லிலிருந்து வளைவு வரை விரலால் கோடு இழுத்துப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளுக்கும் கோபப்படத் தெம்பில்லை.

அளவில் ஏதோ பிசகு இருப்பதாகத் தெரிகிறது என்று பொதுவாக எழுதி, மறு அளவை கேட்கலாம் என்றாள். யார் பெயரும் வேண்டாம், நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சேருங்கள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் முப்பது வருடம் அந்த நாற்காலிகளுக்கு நடுவே வாழ்ந்தவருக்கு அது எப்படிப் போகும் என்று தெரியும். பிசகு எப்படி வந்தது என்று மேலே கேட்பார்கள். இவர்கள் விளக்கம் எழுதுவார்கள். விளக்கத்துக்கு விளக்கம் வரும். அதற்குள் குன்றைப் பாதி வெட்டியிருப்பார்கள். வெட்டத் தொடங்கிவிட்ட வேலையை நிறுத்த யாருக்கும் மனசு வராது.

"நான் நட்டது, நான் தள்ளி நட்டதுன்னு எழுதினாத்தான் மேடம் கேள்வி நிக்கும். வேலையும் அன்னைக்கே நிக்கும். காகிதம் கொடுங்க."

தன் கையாலேயே எழுதினார். எந்த வருடம், எந்த இடம், ஏன், எத்தனை மீட்டர் என்று ஒன்றரைப் பக்கம். பூசி மெழுகவில்லை. மற்றவர்கள் மனுக்களுக்குப் பதில் எழுதி எழுதிப் பழகிய அதே சலித்த நடைதான் வந்தது. ஒரே ஒரு வித்தியாசம், இதில் நான் என்ற சொல் இருந்தது.

வளைவு வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லி நான்கு நாளில் உத்தரவு வந்தது. அதே உறையில் டேப் சாரிடம் விளக்கம் கேட்டும் ஒரு கடிதம் வந்தது. அலுவலகத்தில் சிலர் அவரைக் கண்டும் காணாமல் போகத் தொடங்கினார்கள். இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பேச்சில் நியாயம் இருப்பதாகச் சில காலைகளில் அவருக்கே தோன்றியது. சந்திப்புக்குப் புதிதாகத் திட்டம் போட வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். எப்படியும் அடுத்த வருடம்தான். இன்ஜினியர் மேடம் தன்னால் முடிந்ததைச் செய்தாள். வளைவில் இருக்கிற ஒன்பது பலகைகளில் நான்கையும் மஞ்சள் விளக்கையும் சந்திப்புக்கு மாற்றவும், முப்பத்தொன்றாம் கல்லைப் பிடுங்கி உரிய இடத்தில் நடவும் உத்தரவு போட்டாள். மேற்பார்வை என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினாள்.

இரண்டு சாலைப் பணியாளர்களோடு அவர் லாரியில் போனார். பலகைகளும் விளக்கும் பதினோரு மணிக்குள் முடிந்தன. பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனார். அவளுடைய எட்டாவது பதில். அவள் மனு ஏதும் போடாமலே எழுதியது. கையில் ரப்பர் பசை காயாமல் இருந்ததால் அவள் அதை வாங்காமல், பெஞ்சின்மேல் விரித்து வைக்கச் சொல்லிக் குனிந்து படித்தாள். ஐந்து வருடத்தில் மேற்படி சந்திப்பில் பத்தொன்பது விபத்துகள் நிகழ்ந்துள்ளன. தங்கள் கணவர் இறந்த இடமும் தங்கள் கடைவாசலே. முந்தைய ஏழு பதில்களும் தவறு. கல்லை இடம் மாற்றி நட்டவன் நான்.

இரண்டு முறை படித்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அவர் இங்கதான் செத்தாருன்னு எனக்குத் தெரியும் சார். நான்தான தூக்கினேன். உங்களுக்குத் தெரியத்தான் இத்தனை வருஷம் ஆச்சு."

குரல் உயரவே இல்லை. காகிதத்தின்மேல் பறக்காமல் இருக்க ஒரு டயர் நெம்புகோலை எடுத்து வைத்துவிட்டு, எப்போது வேலை தொடங்கும் என்று கேட்டாள். அடுத்த வருடம் என்றார். அவள் தலையை ஆட்டினாள். அவருக்கு அங்கே நிற்க முடியவில்லை. கல் நடுகிற இடத்துக்குப் போனார்.

டேப்பைப் பிடித்து இடத்தைக் குறித்தார்கள். கடைவாசலுக்கு நேர் எதிரே, சாலையின் மறுபக்கம். முதல் குத்திலேயே கடப்பாரை டங்கென்று திரும்பி வந்தது. இரண்டாவது குத்தில் பொறி பறந்தது. பாறை எங்கேயும் போய்விடவில்லை, அவருக்காகவே காத்திருந்ததுபோல் அங்கேயே கிடந்தது. ஒரு மணி நேரம் மாறி மாறிக் குத்தியும் ஒரு சாண் ஆழம் இறங்கவில்லை. இளைய பணியாளர் கடப்பாரையைச் சாய்த்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். தூரத்தில் லாரிக்காரர் ஹார்னைத் தட்டினார்.

"சார், சிறுபாலத்துக்கு அந்தப் பக்கம் மண்ணு மெத்துனு கிடக்கு. அங்க நட்டுடலாமே. யாருக்குத் தெரியப்போகுது?"

டேப் சார் அவரைப் பார்த்தார். அந்த ஆளுக்கு முப்பது வயதிருக்கும். அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த வெயிலும் அந்த அலுப்பும் டேப் சாருக்கு நன்றாகத் தெரிந்தவை.

"எனக்குத் தெரியும்பா. இங்கதான் நடணும்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே குழிக்குள் காலை வைத்தார். முழங்கால் மடங்க மறுத்தது. அப்போது பஞ்சர் கடை அக்கா இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து வந்தாள். தோளில் ஒரு பெரிய சம்மட்டி. அவள் கணவர் லாரி டயர்களைக் கழற்ற வைத்திருந்தது. கைபட்ட இடத்தில் பிடி தேய்ந்து வழவழத்திருந்தது. அவர் பக்கத்தில் அதை இறக்கி வைத்தாள்.

"இந்தப் பாறைக்குக் கடப்பாரை காணாது சார். இத வச்சு அடிங்க. முடிஞ்சதும் கழுவிக் கொடுத்துடுங்க."

திரும்பி நடந்தாள். அவள் பத்திரமாகச் சாலையைக் கடந்து கடைக்குள் போகிறவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சம்மட்டியைத் தூக்கினார். கல்லை நட்டு முடித்தபோது மணி ஐந்து.